சிமென்ட் போர்டை ஒட்டிவிட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்குள்ளேயே கரண்ட் சூளை வைத்து மண்பாண்டம் சுடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சூளைக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு இருந்தால் அதன்மேல் சிமென்ட் போர்டு ஒட்டிவிட்டால் பயமில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறதே, அது தப்பு.

சிமென்ட் போர்டு எரியாது, சரி. சூட்டைக் கடத்துமே! பிளைவுட்டோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்துவிட்டால் முன்னால் வாங்குகிற சூடு பின்னால் மரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், வெளியே நமக்கு ஒன்றும் தெரியாது. புது மரம் பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் வாராவாரம் சூளை போட்டு வருடக்கணக்கில் சூடேறிக்கொண்டே இருந்தால் மரம் மெல்லக் கரியாகி, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும். திருநகரில் ஒரு வீட்டு மாடியில் போர்டைக் கழற்றும்போது பார்த்தேன், முன்பக்கம் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது, பின்னால் பிளைவுட்டில் ஸ்க்ரூ இறங்கிய இடத்தையெல்லாம் சுற்றிக் கருகல்.

போர்டுக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி வேண்டும். இடையில் மரக்கட்டை கொடுக்காமல் இரும்புக் குழாய்த் துண்டு மாதிரி எரியாத எதையாவது கொடுத்து, சூளைக்கு நேர் பின்னால் ஸ்க்ரூ வராமல் ஓரமாக அடிக்கச் சொல்லுங்கள். அடியிலும் மேலேயும் திறந்திருந்தால்தான் காற்று கீழே நுழைந்து சூட்டை மேலே கொண்டுபோகும். ஆசாரி பார்வைக்கு நன்றாக இருக்காது என்று பட்டை அடித்து மூட வருவார், விடாதீர்கள்.

ஜிப்சம் போர்டும் இதற்கு ஆகாது. அதற்குள் இருக்கிற நீர்தான் தீப்பிடித்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கிறது, திரும்பத் திரும்பச் சூடேறினால் அந்த நீர் போய்ப் பொடியாகிவிடும். பி.வி.சி. பேனலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

போர்டு போட்டாலும் சூளையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வைக்க வேண்டும், சூளையோடு வந்த புத்தகத்தில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதன்படி. மண்பாண்டத் தொழில் நடக்கிற விளாச்சேரி, மானாமதுரைப் பக்கம் சூளை திறந்தவெளியில் இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை. நம் மாடி அறைகளில் சித்திரை வெயிலுக்கு ஏற்கெனவே சுவர் கொதிக்கிறது, அதற்குள் 1000 டிகிரி சூளை.

கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், அடுத்த ஞாயிறே அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள்.

— வாசகர், திருப்பரங்குன்றம்