எலெனா போன்னரும் நகர எல்லையும்: ரஷ்ய நீதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

2023 ஜனவரியில் மாஸ்கோ ஹெல்சின்கி குழு என்ற மனித உரிமை அமைப்பும், அதே ஆண்டு ஆகஸ்டில் சகாரோவின் பணியைத் தொடர்ந்த சகாரோவ் மையமும் நீங்கள் தொடுத்த வழக்குகளால் கலைக்கப்பட்டதன் பின்னணி என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். இவ்விரண்டையும் மீண்டும் இயங்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மாஸ்கோவில் பதிவு செய்துவிட்டு அதன் எல்லைக்கு வெளியேயும் செயல்பட்டார்கள் என்பதே ஹெல்சின்கி குழுவின் மீது நீங்கள் சொன்ன குற்றம். 1976இல் அக்குழுவைத் தொடங்கியவர்களுள் சோவியத் மனித உரிமைப் போராளி எலெனா போன்னரும் ஒருவர். நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்ற கட்டளை அவருக்குப் புதிதன்று.

1980 ஜனவரியில், சோவியத் அரசை விமர்சித்துவந்த அணு இயற்பியலாளரான அவருடைய கணவர் சகாரோவை மாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கார்க்கி நகருக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டவர் நுழைய முடியாத நகரம் அது. வீட்டில் தொலைபேசி கிடையாது. வாசலில் இரவும் பகலும் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டைக் கவனித்துக்கொண்டே, கணவர் எழுதிய தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி மாஸ்கோவுக்குப் போய், செய்தியாளர்களிடம் சேர்த்துவிட்டுத் திரும்புவதை நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்துவந்தார். 1984 மே மாதம் அந்த வழியும் அடைக்கப்பட்டது. ஆகஸ்டில், அவரும் கார்க்கியிலேயே இருக்க வேண்டும் என்று ஐந்தாண்டுத் தண்டனை விதித்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 61. முந்தைய ஆண்டுதான் மாரடைப்பு வந்திருந்தது. 1941இல் போர்முனையில் செவிலியராக இருந்தபோது குண்டு வெடித்த அதிர்ச்சியில் கெட்டுப்போன கண்களில் பார்வை குறைந்துகொண்டே வந்தது. நாட்டுக்காகப் போர்முனையில் கெட்ட கண்களுக்கு வெளிநாட்டில் சிகிச்சை பெற அனுமதி கேட்டால் அதற்கும் மறுப்பு. மனைவியின் சிகிச்சைக்காகக் கணவர் உண்ணாவிரதம் இருந்தார். அவரை மருத்துவமனையில் அடைத்து வலுக்கட்டாயமாக உணவு புகட்டினார்கள். மனைவியையோ வீட்டில் தனியே விட்டு, கணவர் எப்படி இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல் மாதக்கணக்கில் தவிக்கவைத்தார்கள். 1985 அக்டோபரில்தான் அனுமதி கிடைத்தது. 1986 ஜனவரியில் பாஸ்டனில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், அங்கேயே தங்கிவிடாமல், தண்டனை காத்திருந்த கார்க்கிக்கே ஜூனில் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று, யாரும் கேட்காமலேயே, அந்த வீட்டில் தொலைபேசி பொருத்தப்பட்டது. மறுநாள் சோவியத் தலைவர் கோர்பசேவே அழைத்து, இருவரும் மாஸ்கோ திரும்பலாம் என்றார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாகக் கிடைக்காத இணைப்பு ஒரே மாலையில் கிடைத்தது என்றால், அரசு மனம் வைத்தால் எதுவும் தாமதமாவதில்லை என்றுதானே பொருள்?

இம்மடல் தமிழில் இருப்பதால் உங்களுக்குச் சிரமம் என்று நான் கவலைப்படவில்லை. அந்த வீட்டுக் கடிதங்களை ஒன்றுவிடாமல் பிரித்துப் படிக்க ஆள் வைத்திருந்த அரசுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமலா போய்விடுவார்?

சட்டப்படிதான் செய்தோம் என்பீர்கள். 1937இல் போன்னருடைய வளர்ப்புத் தந்தையைக் கைது செய்து பின்னர் சுட்டுக் கொன்றவர்களும், தாயை முகாமுக்கு அனுப்பியவர்களும் தாள்களை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள். பிற்பாடு, இருவரும் குற்றமற்றவர்கள் என்று அதே அரசு எழுதிக் கொடுத்தது. ஹெல்சின்கி குழுவுக்கும் சகாரோவ் மையத்துக்கும் அப்படியொரு சான்றிதழை எந்த ஆண்டில் வழங்க உத்தேசித்திருக்கிறீர்கள்?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். எலெனா போன்னர் 2011இல் பாஸ்டனில் காலமானார்; அவருடைய அஸ்தி மாஸ்கோவில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதே நகரில் அவர்கள் இருவரின் பணியைத் தொடர்ந்த இவ்விரு அமைப்புகளின் மீதான கலைப்பு நடவடிக்கையைத் திரும்பப் பெற்று, சகாரோவ் மையத்திடமிருந்து எடுத்துக்கொண்ட கட்டடத்தையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ் வாசகர் ஒருவர்