நம்ம ஒர்க்‌ஷாப் வாடிக்கையாளர்களுக்கு, அந்த ஜீப் விஷயமா

போடியில நம்மகிட்ட வண்டி விடுற டிரைவர் அண்ணன்மாருக்கும் எஸ்டேட் முதலாளிங்களுக்கும் வணக்கம்.

ரெண்டு வாரமா வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் சுத்திட்டு இருக்கு, நீங்களும் கேட்டிருப்பீங்க. ஏலக்கா தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஒரு பழைய எம்எம் 540 மஹிந்திரா ஜீப், போடிமெட்டு ஏத்தத்துல முக்கி முக்கி ஆஃப் ஆகுது, நம்ம கடையில ரெண்டு தடவ விட்டும் சரியாகல, இன்ஜினுக்கு டீசல் அடிக்கிற பெரிய பம்ப்ல வேலைன்னு சொல்லி காசு புடுங்கிட்டாங்கன்னு. ரெண்டு தடவ வந்தது உண்மைதான். மொத தடவ முழுசாப் பாக்காம விட்டது எங்க தப்பு, மன்னிச்சுக்கங்க. ஆனா பம்ப் விஷயம் பொய். அந்த பம்ப்ல நாங்க ஸ்பேனரே வைக்கல, பம்ப் கடையில போட்ட சீல் இன்னிக்கும் அப்படியே இருக்கு, பில்லுல இருந்தது பில்டரும் லேபரும் மட்டும்தான். "பம்பா இருக்கலாம்"னு போன்ல சொன்னது அன்னிக்குக் கடையில இருந்த பையன், அது ஊருக்குள்ள போயி "பம்ப் மாத்தினாங்க"ன்னு ஆயிடுச்சு. தேவையில்லாம யாரு பம்ப்பையும் நான் இதுவரைக்கும் கழட்டினதில்ல, அதான் மனசு ஆறல.

நடந்தது இதுதான். மொத தடவ பில்டர் மாத்தி, டீசல் லைன்ல இருந்த ஏர் எடுத்து விட்டோம், மூணு நாள் நல்லா ஓடுச்சு, நாலாம் நாள் வளைவுல ஆளோட நின்னுடுச்சு. திரும்பி வந்தப்ப நானே கீழ படுத்துப் பாத்தேன். டேங்க் மூடியில காத்துத் துளை அடைக்கல. தனியா ஒரு கேன்ல டீசல் வச்சு, நேரா பீட் பம்புக்கு (டேங்க்ல இருந்து டீசல இழுத்து பெரிய பம்புக்குத் தள்ளுற சின்ன பம்பு) குடுத்து, முந்தல் தாண்டி ரெண்டு வளைவு ஏத்தினோம், ஒரு தடவ கூட திணறல. அப்ப பெரிய பம்பும், இன்ஜினுக்குள்ள டீசல் பீச்சுற நாசிலும் நல்லாருக்கு, கோளாறு டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவுலன்னு தெரிஞ்சுபோச்சு. திரும்ப பழைய லைனையே குடுத்து, நடுவுல கண்ணாடி டியூப் மாட்டி ரேஸ் பண்ணினா சோடா மாதிரி முத்து முத்தா காத்து வருது. சேஸ் கிளாம்ப்புக்குள்ள மறைஞ்ச எடத்துல ஹோஸ் உரசி உரசி நகக்கண் அளவு வெடிப்பு. அந்தப் பக்கம் பீட் பம்ப் உறிஞ்சுற பக்கம், அதனால டீசல் வெளிய கசியாது, காத்துதான் உள்ள போகும், ஒரு சொட்டு ஈரம் கூட இருக்காது. சமதரையில தெரியாது, ஏத்தத்துல டீசல் அதிகமா இழுக்கும்போதுதான் காட்டிக் குடுக்கும். ஹோஸும் ரெண்டு கிளிப்பும் செம்பு வாஷரும் மாத்தினோம், அதுக்குக் காசு வாங்கல.

பதினோரு வருஷம் நம்மகூட இருந்த பெரிய மெக்கானிக் சித்திரையோட வேலைய விட்டுட்டாரு, அதுக்கப்புறம் பசங்கள வச்சுத்தான் ஓட்டுறேன், அதையும் நீங்க கொஞ்சம் நெனச்சுப் பாக்கணும்.

அந்த வாய்ஸக் கேட்டுட்டும் மறுநாளே வண்டியக் கொண்டாந்து நிறுத்தினீங்களே, "நாங்க இருக்கோம்ணே, வேலையப் பாருங்க"ன்னு சொன்னீங்களே, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ரொம்ப நன்றி.

இனிமே ஆஃப் ஆகுற கம்ப்ளெய்ன்ட்டுன்னா வண்டி ஒரு ராத்திரி இங்க நிக்கணும். இந்த மாதிரி காத்து வாங்குற லைன்ல ராத்திரி டீசல் டேங்குக்கே எறங்கிடும், காலையில ஸ்டார்ட் ஆகி கொஞ்ச நேரத்துலயே நின்னா பாதி கோளாறு தெரிஞ்சிடும். பாக்குற கூலி 400, வேலை செஞ்சா பில்லுல கழிச்சுக்கலாம். நடுவழியில நின்னா மொதல்ல பீட் பம்ப்ல இருக்குற பிரைமர (டீசல் ஏத்துற கைப்பிடி) கையால அடிச்சுப் பாருங்க, இன்ஜின் புடிச்சுக்கிச்சுன்னா அதோட மெதுவா எறங்கி வந்துடுங்க, எந்நேரமானாலும் போன் பண்ணுங்க.