கரிக்கோட்டுக்கு அடியில் ஒரு குதிரை

அந்தியூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. செயின்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் நீ எடுத்து அனுப்பிய படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஜெர்மன் ஓவியர் கிர்ச்னர் 1914இல் வரைந்த சர்க்கஸ் குதிரைக்காரி. பத்து நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்குப் போனில் "நல்லாருக்குது கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

படத்தைப் பார்த்ததும் முதலில் என் கை பரபரத்தது, இந்தக் குதிரையைத் திருத்த வேண்டும் என்று. நாற்பது வருஷமாக அண்ணமார் கோயில் குதிரைகளுக்கு எனாமல் அடித்த கை. நமக்கு முன்னங்கால் தூக்கியிருக்க வேண்டும், கழுத்து வளைந்திருக்க வேண்டும், சேணத்து மணியை எண்ணிவிடலாம் போல இருக்க வேண்டும். இங்கே கோடெல்லாம் முறிந்து முறிந்து போகிறது. அவர் மரக்கட்டையில் செதுக்கி அச்சு எடுப்பவரும்கூடவாம். மரத்தில் உளி ஓட்டியவனுக்குத் தெரியும், கோடு அங்கே சுலபமாக வளையாது, தெறிக்கும். அந்தத் தெறிப்பு தூரிகைக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தச் சாய்வு. சர்க்கஸ் வட்டம் 42 அடி குறுக்களவு. அதற்குள் பாய்ச்சலில் சுற்றுகிற குதிரை நிமிர்ந்து ஓட முடியாது, உள்பக்கம் சாய்ந்துதான் ஓடும். மேலே இருப்பவளும் கூடவே சாய்வாள். சைக்கிளில் வளைவு திரும்புவோமே, அதே கணக்குதான். நேராக வரைந்திருந்தால் அது நின்றுபோன குதிரை. இது பிடிபட எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

உன் மாமன் மகன் அவரைப் பற்றித் தேடிப் படித்துக் காட்டினான். 1880இல் பிறந்தவர், கட்டிடக்கலை படித்தவர். 1905இல் டிரெஸ்டன் நகரத்தில் நாலு மாணவர்கள் சேர்ந்து 'பாலம்' என்ற பெயரில் ஒரு குழு வைத்தார்கள், அதில் ஒருவர். உள்ளே தைத்ததைத் தைத்தபடியே வரைய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இந்தப் படம் வரைந்த வருஷமே பெரிய யுத்தம் வந்தது. அடுத்த வருஷம் பீரங்கிப் படையில் சேர்ந்து, மனம் உடைந்து வெளியே வந்துவிட்டார். 1937இல் ஹிட்லர் ஆட்கள் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளைப் பிடுங்கினார்கள். சிலவற்றை மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று தொங்கவிட்டு ஜனங்களைச் சிரிக்கச் சொன்னார்கள். மறு வருஷம் சுவிட்சர்லாந்து மலையில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. 639 என்று கேட்டதும் ஒரே ஒரு படம்தான் கண்ணில் வந்து நின்றது. உன்னுடையது.

உனக்கு ஏழு வயசு. ஆடித் திருவிழா, குருநாதசாமி கோயில் சந்தை. கத்தியவார், மார்வாரி என்று குதிரைகள் வரிசையாகக் கட்டியிருந்தன. மார்வாரிக் காது இரண்டும் நுனியில் சேர்வதைப் பார்த்து நீ உன் கையை அதே மாதிரி கூப்பிக் காட்டினாய். வெள்ளை நுக்ராக் குதிரை வைத்திருந்த ஒருவர் உன்னைத் தூக்கி உட்காரவைத்து இரண்டு சுற்று ஓட்டினார். நான் கூடவே ஓடினேன், விழுந்துவிடுவாயோ என்று. நீ என்னைப் பார்க்கவே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் கிரேயானில் வரைந்தாய். சிவப்புக் குதிரை, அதற்கு இரண்டே கால்கள், தாளின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்ந்து போகிறது. மேலே நீ, குதிரையைவிடப் பெரிதாக. நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "குதிரை இப்படியா இருக்கும்?" என்று கரிக்கட்டியை எடுத்து, அதன் மேலேயே நாலு காலும் நேர் முதுகுமாக ஒரு குதிரை போட்டுக் காட்டினேன். அப்பன் நன்றாகச் சொல்லித்தருகிறேன் என்ற நினைப்பு. அதற்கப்புறம் நீ குதிரை வரையவில்லை. அம்மா இரண்டு முறை சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது, கண்ணு.

அந்தத் தாளை அம்மா பரணில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். கரி மெழுகின் மேல் அழுத்தமாக ஒட்டாது. ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். இரண்டு நாள் வேலை. முதுகுக்கோடு முழுசாகப் போய்விட்டது. நான் சேர்த்த கால்களின் நிழல் மட்டும் லேசாக நிற்கிறது, அதற்கு மேல் ஒற்றினால் தாள் கிழிந்துவிடும். உன் சிவப்பு அப்படியே இருக்கிறது.

அட்டைக் குழாயில் சுருட்டி வைத்திருக்கிறேன். மாமன் மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். மடிக்காமல் வாங்கிக்கொள்.

உன் அப்பா