டர்போவை வீட்டில் பொருத்துவதா, பட்டறையில் கொடுப்பதா? நண்பனுக்கு ஒரு கடிதம்

டெட்ராய்ட் அருகிலிருந்து,
அக்டோபர் மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாட்கள் ஆகின்றன. தங்கையின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர் தாமாகவே மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார் என்று படித்தபோது மனம் நிம்மதியடைந்தது. இங்கே நாங்கள் நலம். குளிர் தொடங்கிவிட்டதால் என் காரைக் கேரேஜுக்குள் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டேன். இனி ஏப்ரலில்தான் அது வெளியே வரும்.

மகனைப் பற்றி நீ கேட்டதற்கு அவசரத்தில் பதில் எழுத விரும்பவில்லை. சாக்ரமெண்டோவில் இருக்கும் அவன் 1995ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டாவை வாங்கி, அதற்கு டர்போ கிட்டை, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியையும் அதன் பாகங்களையும், வீட்டுக் கேரேஜிலேயே தன் கையால் பொருத்தப்போவதாகச் சொல்கிறான் என்றும், 25 மணி நேர வேலைக்கு மணிக்கு 140 டாலர் வீதம் 3,500 டாலர் கூலி கேட்ட பட்டறையை அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றும் எழுதியிருக்கிறாய். லேத் பட்டறையில் பிறந்து வளர்ந்த பிள்ளை அப்படித்தான் பேசுவான். நான் இதே வேலையை 1994 மாடல் மியாட்டாவில் வீட்டிலேயே செய்தவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறாய் என்பதும் புரிகிறது.

யார் பொருத்துவது என்பதற்கு முன்னால் அவன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து, மிகப் புதிய கார்களைத் தவிர மற்ற எல்லாப் பெட்ரோல் கார்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை கட்டாயம். 1999 வரையிலான கார்களைச் சோதிக்கும்போது சைலன்சர் முனையில் புகையை அளப்பதோடு, பானெட்டைத் திறந்து பாகங்களையும் கண்ணால் பார்ப்பார்கள். வெளிச் சந்தையில் வாங்கிய டர்போ என்றால், அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியம் அந்தக் குறிப்பிட்ட ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் கொடுத்த ஒப்புதல் எண் அதற்கு இருக்க வேண்டும். கிட்டோடு வரும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் அந்த ஒப்புதலில் அடங்கியிருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் எவ்வளவு சுத்தமாகப் பொருத்தியிருந்தாலும் சோதனையில் தேறாது. நான் இருக்கும் மிச்சிகனில் இப்படிப்பட்ட சோதனை கிடையாது. அதனால் என் அனுபவத்தை அப்படியே அவனுக்குப் பொருத்திப் பார்க்காதே. கிட்டை விற்பவரிடம் அந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் அவன் பணம் கட்ட வேண்டும். பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று எழுதி விற்கும் கிட்டைத் தெருவில் ஓடும் காரில் மாட்டவே கூடாது.

அந்த எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வீடா பட்டறையா என்று கேட்கும்போது இதை ஒரே வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது இரண்டு வேலை. ஒன்று, சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி, புதிய மேனிஃபோல்டையும் டர்போவையும் ஏற்றி, ஆயில் குழாய், தண்ணீர்க் குழாய், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், காற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் இணைப்பது. மற்றொன்று, புதிதாக உள்ளே திணிக்கப்படும் காற்றுக்கு ஏற்ப எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் பிளக்கின் பொறி எப்போது பாய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பது. இங்கே அதை ட்யூனிங் என்கிறார்கள். முதல் வேலையைப் பொறுமையும் இடமும் உள்ள எவரும் வீட்டில் செய்யலாம். இரண்டாவதை, முதல் தடவை செய்கிறவன் தன் ஒரே எஞ்சினில் வைத்துக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று விளக்குகிறேன். அந்த 1.8 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாமல் 128 குதிரைத்திறன் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு, 9க்கு 1. அதற்குள் கூடுதலாக அரை பார் அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் ஏறி, பொறியிலிருந்து நெருப்பு சீராகப் பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். இங்கே நாக் என்று சொல்லும் இந்த வெடிப்பு, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஒலிக்கும். சில விநாடிகள் நீடித்தாலே பிஸ்டனின் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதி உடைந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் பெட்ரோலைக் கூட்டி, பொறியைத் தாமதப்படுத்துகிறோம். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றிருக்கும் கணக்கு, டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது 11.5க்கும் 12க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாஸ்டா கொடுத்த கம்ப்யூட்டருக்கு இந்தக் கூடுதல் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது.

1962இல் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற பெயரில், டர்போ பொருத்திய கார் ஒன்றைப் பொதுமக்களுக்கு விற்றது. 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சின், 215 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 10.25. அவ்வளவு உயர்ந்த விகிதத்தில் நாக் வராமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் தெளித்தார்கள். வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொல்லைகள் பெருகி, பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தினார்கள். பொருத்தியதோ பெரிய தொழிற்சாலை, கைகளோ தேர்ந்த கைகள். போல்ட்டுகளில் ஒரு குறையும் இல்லை. நாக்கை அடக்கும் ஏற்பாடு தவறியதும் அந்தக் காரே தோற்றது. மகன் கையில் ஸ்பேனரை எடுக்கும் முன் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வார இறுதிகள் பிடித்தன. முதல் நாளிலேயே, மேனிஃபோல்டைப் பிடிக்கும் துருப்பிடித்த மரைத்தண்டு (ஸ்டட்) ஒன்று சிலிண்டர் ஹெட்டின் மட்டத்தோடு முறிந்தது. அதை எடுக்கவே ஒரு சனிக்கிழமை போயிற்று. பட்டறையில் இருந்தால் வெல்டிங் வைத்து ஒரு நட்டை ஒட்டி அரை மணி நேரத்தில் எடுத்திருப்பார்கள்.

மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியது, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்பில் துளையிடும் வேலை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அது ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. அழுத்தத்தோடு மேலே போகும் ஆயில், வெளியே வரும்போது அழுத்தமின்றி நுரையாக, தன் எடையால் மட்டுமே கீழே இறங்கிச் சம்புக்குத் திரும்ப வேண்டும். அதற்காகச் சம்பின் பக்கவாட்டில், ஆயில் மட்டத்துக்கு மேலே, துளை போட்டு மரை வெட்ட வேண்டும். காரின் அடியில் மல்லாந்து படுத்து, ட்ரில் முனையிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸை அப்பி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பி, ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, கிரீஸில் ஒட்டிய சுருள்களைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி கிரீஸ் தடவி உள்ளே விட்டேன். முடிந்ததும் வடிகால் போல்ட்டைக் கழற்றிவிட்டு, மலிவான ஆயிலை மேலிருந்து ஊற்றி ஊற்றி, வெள்ளைத் துணியில் ஒரு மினுக்கம்கூடத் தெரியாத வரை கழுவினேன். உன் பட்டறையில் நாம் மரை வெட்டிய நாட்களை அப்போது நினைத்துக்கொண்டேன். இந்தப் பொறுமையைக் கூலிக்கு வேலை செய்கிறவரிடம் எதிர்பார்ப்பது கடினம். வீட்டில் செய்வதன் உண்மையான நன்மை இதுதான். கூலி மிச்சமாவது அதற்கு அடுத்துத்தான்.

எல்லாம் பொருத்தி ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வாரம், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பின்னால் நீலப் புகை வந்தது. கடை ஒன்றில் காட்டினேன். கழற்றிப் பார்க்காமலேயே டர்போவின் சீல் போய்விட்டது, புது டர்போ வாங்க வேண்டும் என்றார்கள். மனம் உடைந்து வீட்டுக்கு வந்து, அன்று இரவே காரை ஸ்டாண்டில் ஏற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், டர்போவிலிருந்து சம்புக்கு இறங்கும் ஹோஸ் தேவைக்கு மேல் நீளமாக இருந்து, நடுவில் தொட்டில் போல் தொய்ந்திருப்பதைக் கண்டேன். அந்தத் தொய்வில் ஆயில் தேங்கி, மேலே ஏறி, சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குள் கசிந்திருக்கிறது. ஒன்றரை அங்குலம் வெட்டி, நேராக இறங்கும்படி மறுபடி மாட்டினேன். புகை நின்றது, அதே டர்போதான் இன்றைக்கும் ஓடுகிறது.

இதைப் பட்டறைகள் எல்லாம் மோசம் என்று காட்ட எழுதவில்லை. ட்யூனிங்குக்காக நான் போன இடம் அதற்கு நேர்மாறானது. காரை உருளைகளின் மேல் கட்டி நிறுத்தி, எஞ்சின் பிளாக்கில் ஒரு சிறு மைக்கைக் கவ்வ வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியில் எண்களை ஒவ்வொன்றாக மாற்றினார் அந்த மனிதர். எனக்கு ஒன்றுமே கேட்காத ஒரு கணத்தில் சட்டென்று காலை எடுத்துவிட்டு, மூன்றாயிரத்து எண்ணூறு சுற்றில் லேசாக நாக் வருகிறது என்று சொல்லி, பொறியை இரண்டு டிகிரி தாமதப்படுத்தினார். எத்தனையோ எஞ்சின்களைக் கேட்டுப் பழகிய காது அது. அரை நாள் வேலைக்கு நான் கொடுத்த பணம், இந்தக் காருக்காக நான் செலவழித்தவற்றிலேயே மிகப் பயனுள்ளது. சக்கரத்தில் 200 குதிரைத்திறனுக்கு மேல் போக வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பிஸ்டனைத் தாங்கும் பழைய கனெக்டிங் ராடுகளை நம்பி அதற்கு மேல் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மகனுக்கு நான் சொல்வது இது: பொருத்துவதை அவன் செய்யட்டும், ட்யூனிங்கை அதிலேயே ஊறியவரிடம் கொடுக்கட்டும். ட்யூன் செய்யும் இடத்துக்குக் காரை ஓட்டிப் போகக் கூடாது, டிரக்கில் ஏற்றிப் போக வேண்டும். கிட்டை வாங்கும் முன்பே அந்த ட்யூனரிடம் பேசி, எந்தக் கம்ப்யூட்டரில் அவருக்குப் பழக்கம் என்று கேட்டு அதையே வாங்குவது நல்லது. நான் அப்படிச் செய்யாமல் போய், இரண்டு பேர் என் காரைத் தொடவே மறுத்தார்கள்.

ஆனால் நீ எழுதாத ஒன்றைப் பொறுத்து என் பதில் மாறும். அவனிடம் இருப்பது அந்த ஒரே கார்தானா? வேலைக்கும் அதில்தான் போகிறானா? அப்படியென்றால் வீட்டில் செய்ய வேண்டாம். திங்கட்கிழமை காலை அலுவலகம் போக வேண்டும் என்ற நெருக்கடியில் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு இறுக்கும் போல்ட்தான் பிறகு காலை வாரும். என் காரில் டர்போவை மேனிஃபோல்டோடு பிடிக்கும் நட்டுகள் சூட்டில் மூன்று முறை தளர்ந்தன. மூன்று முறையும் ஆற விட்டு, கழற்றி, டார்க் ரெஞ்ச்சால் அளந்து இறுக்க எனக்கு நேரம் இருந்தது, ஏனென்றால் வேலைக்குப் போக வேறு கார் இருந்தது. அவனுக்கு அது இல்லையென்றால் 3,500 டாலர் கொடுப்பதே சரி. அப்போதும், இதே மாடலில் இதற்கு முன் டர்போ பொருத்தியிருக்கிறார்களா, ட்யூனிங்கை அவர்களே செய்கிறார்களா அல்லது வெளியே அனுப்புகிறார்களா, எஞ்சின் போனால் பொறுப்பு யாருடையது என்று மூன்றையும் எழுத்தில் வாங்கச் சொல். பொருத்திய பாகத்துக்குத்தான் பெரும்பாலும் உத்தரவாதம் தருவார்கள், முப்பது ஆண்டு பழைய எஞ்சினுக்கு யாரும் தர மாட்டார்கள்.

வீட்டில் செய்வதாக முடிவானால் அவனிடம் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இரு. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. நான்கு ஸ்டாண்ட் வைத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன், பெட்ரோலையும் பொறியையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்த முள் எழும்பும் வரை செல்ஃப் மோட்டாரால் சுற்ற வேண்டும்; வறண்ட பேரிங்கோடு டர்போ ஒரு விநாடிகூடச் சுழலக் கூடாது. நிறுத்துவதிலும் நிதானம் வேண்டும். நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் மலையேறி வந்ததும் சாவியைத் திருப்பாமல் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம் அல்லவா? கொதிக்கும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்றால் அங்கேயே கருகிக் கரியாகப் படியும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள்.

பணம் எதையும் கட்டுவதற்கு முன், இந்த வாரக் கடைசியில் எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே எழும் அழுத்தத்தையும், அளந்து எனக்கு அனுப்பச் சொல். என் காரில் நான்கும் 175க்கும் 182 பிஎஸ்ஐக்கும் இடையில் இருந்தன. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் டர்போப் பேச்சே வேண்டாம். முதலில் எஞ்சினைத் திறக்க வேண்டும். எண்கள் வந்ததும் அவனோடு நானே தொலைபேசியில் பேசுகிறேன். தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன் நண்பன்