பைகளுக்குக் காவல்

புதுக்கோட்டை
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் தீர்ந்தது, இதற்கு எதற்குப் பேனாவும் தாளும் என்கிறார் இவர். போனில் நீ பேசுவாய், நான் 'உம்' கொட்டுவேன் என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? கடிதத்தில்தான் எனக்கு வாய் உண்டு.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். கல்யாணப் புகைப்படத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்னடி ஆயிற்று?" என்று எழுதியிருந்தாய். ஒன்றும் ஆகவில்லை. ஊரே இதைத்தான் கேட்கிறது. கீழ ராஜ வீதியில் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்காரர், "சர்க்கரையா டீச்சர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சர்க்கரைதான், ஆனால் அது நான் பருமனாக இருந்தபோதே வந்துவிட்டது. அந்தப் பதினைந்து வருடமும் ஒருவர்கூட உடம்புக்கு என்ன என்று கேட்டதில்லை. இளைத்த பிறகுதான் எல்லோருக்கும் என்மேல் அக்கறை.

84 கிலோ இருந்தவள் இப்போது 68. பதினான்கு மாதம் ஆயிற்று. இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, எனக்கே தோன்றவில்லை. போன வாரம் கேஸ் தீர்ந்து, காலி சிலிண்டரை வாசலுக்கு எடுத்து வைத்தேன். அதன் கழுத்து வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும் அல்லவா, எங்கள் வீட்டில் இருப்பதில் 15.9 என்று இருந்தது. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தேன். இதைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன், துணி துவைத்தேன், கரும்பலகையில் எழுதினேன். இறக்கி வைக்க இடமில்லாமல் அதைச் சுமந்துகொண்டே தூங்கவும் செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம், "நீங்கள் போய் வாருங்கள், பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முந்திக்கொள்வது நான்தான். நார்த்தாமலையில் அடிவாரம், திருமயம் கோட்டையில் வாசல், சித்தன்னவாசலில் வேப்பமர நிழல். எனக்குப் பெருந்தன்மைக்காரி என்று பெயர். நானும் அதை நம்பிவிட்டேன், செல்வி. வீட்டு விசேஷங்களிலும் அப்படித்தான். பந்தியில் தரையில் இலை போட்டால் பரிமாறுகிற பக்கம் போய்விடுவேன், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டுமே. பரணில் இருப்பதைக் கேட்டால் அவசரமில்லை என்பேன். என்னால் முடியாதவற்றைச் சுற்றி வேலிபோட்டு, அதற்கு உதவி, அடக்கம், பொறுமை என்று ஒவ்வொரு பெயர் வைத்திருந்தேன். வேலி இருந்ததே அது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சைக்கிள் எப்படி வந்தது என்று கேட்பாய். புதிதாக வாங்கவில்லை. சின்னவளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள், மாடிப்படிக்கு அடியில் நெல் மூட்டைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நடந்தால் முட்டி வலித்தது. "அப்படியானால் சைக்கிள் ஓட்டுங்கள், பாரம் சீட்டில் இறங்கிவிடும்" என்றார். டயரும் டியூபும் மாற்றினேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். விடியற்காலை ஐந்தரைக்குத் தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஏறினேன்.

கால் மறந்திருந்தது. உடம்பு மறக்கவில்லை. 1992இல் நீ பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டாயே, அந்த இடத்திலிருந்து அப்படியே தொடர்ந்தேன். நம் அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டர் கூட்டம் நினைவிருக்கிறதா? லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த சைக்கிளில் தாவணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டது? அந்த மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு ஊரைச் சுற்றியபோது கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வாசலில் நின்றார்களே! கலெக்டராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். கல்குவாரிப் பெண்கள்கூட ஓட்டப் பழகினார்கள். படிக்கக் கற்றுக்கொடுக்கப் போன நாம் ஊருக்கு ஊர் ஓட்டிப் போனோம், பிறகு எனக்கு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, ஸ்கூட்டர் வந்தது. சைக்கிளை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானாகத்தான் இறங்கினேன்.

முதல் மாதம் முட்டி இன்னும் மோசமாயிற்று. நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். சைக்கிள் கடைப் பையன் பார்த்துவிட்டு, "சீட் இவ்வளவு தாழ்வாக இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?" என்றான். விழுந்துவிடுவேன் என்ற பயத்தில், இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்திருந்தேன். பெடல் அடியில் இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டுமாம், ஓட்டும்போது முன்பாதம் வைத்தால் முட்டி லேசாக மடங்கி நிற்குமாம். நான்கு விரற்கடை உயர்த்தினான். இரண்டே வாரத்தில் வலி இறங்கியது. ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முட்டிமேல் நான்கு கிலோ அளவுக்குப் பாரம் குறையும் என்று டாக்டரும் சொன்னார். உன் முட்டி வலிக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன், ஒழுங்காகப் படி.

சைக்கிள் ஓட்டினால் இளைத்துவிடலாம் என்று மட்டும் நம்பாதே. முதல் மூன்று மாதம் நன்றாக ஓட்டினேன், நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன். முள் அசையவில்லை. இரவுச் சோற்றையும் சாயங்கால மிக்சரையும் விட்ட பிறகுதான் இறங்கியது. எடை குறைந்தது சோற்றால், கால் வந்தது சைக்கிளால். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.8 இருந்தது, இப்போது 6.3. மாத்திரையை டாக்டரே பாதியாக்கினார். நீயாக எதையும் நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

மார்கழிக் கடைசி ஞாயிறு சித்தன்னவாசல் போனேன். இங்கிருந்து 16 கிலோமீட்டர். கூட வந்தது சின்னவள், ஸ்கூட்டரில், எனக்கு ஏதாவது ஆனால் அள்ளிக்கொண்டு வர. அன்னவாசல் சாலையில் காற்று இல்லை. ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், பழைய எடையில் நான் அம்மியைவிடப் பத்திரமாக இருந்திருப்பேன், ஆனால் போன ஆடியில் எதிர்காற்று என்னை நடக்கும் வேகத்துக்கு இறக்கிவிட்டது. அன்று அந்தத் தொல்லை இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே அறிவர் கோயில் என்னும் குடைவரையில் உள்ள ஓவியத் தாமரைக் குளத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதற்கு மலை ஏற வேண்டாம். மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டம் குகையைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சமணர் படுக்கை, பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டு என்று. ஏழு படிக்குழிகள் வெட்டியதால் அந்தப் பெயர் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டிருக்கிறேன். பார்த்ததில்லை. முப்பது வருடமாக!

ஏறினேன். பாதியில் ஒருமுறை நின்றேன், மூச்சுக்காக அல்ல, நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்த பழக்கத்தால். மேலே போய், மறுபக்கச் சரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெளி, கீழே வயல்கள் தீப்பெட்டி அளவுக்கு. கால் நடுங்கியது, ஆனால் அது பயத்தின் நடுக்கம், பலவீனத்தின் நடுக்கம் வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் இப்போது தெரிகிறது. வழவழவென்ற கல் படுக்கைகள், தலைப்பக்கம் தலையணை போல மேடாக்கியிருக்கிறார்கள். அதன் முன்னே தரையில் குந்தி உட்கார்ந்தேன். கை ஊன்றாமல் எழுந்தேன். சின்னவள் கவனிக்கவில்லை, வௌவால் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பை என் தோளிலேயே இருந்தது என்பது இறங்கிவந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணாதே. மேல் கைத் தோல் தொங்குகிறது, ரவிக்கை அத்தனையையும் பிரித்துத் தைக்கக் கொடுத்ததில் தையல்காரர் மட்டும் கொழுத்தார். மணலில் சறுக்கி விழுந்து முழங்கையில் தழும்பு. புடவை செயினில் சிக்கியதால் ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகச் சுடிதார் போடுகிறேன். இவர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை, மூன்றாம் நாள் டைனமோ வாங்கி மாட்டிவிட்டார். கால் நகத்தை நானே வெட்டிக்கொள்கிறேன் என்பதை வேறு யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது?

திருவப்பூர் திருவிழாவுக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். பெரியவளின் சைக்கிளும் சும்மாதான் இருக்கிறது. அதற்குப் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, கடைக்காரப் பையன் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே பூட்டிவிடுவான். இப்போது எட்டரை. தள்ளிக்கொண்டு போனால்தான் சரியாக இருக்கும், இத்துடன் நிறுத்துகிறேன்.

உன்
விஜயா