பையர் கேட்ட தள்ளுபடி எங்க பீஸ் ரேட்ல கழியுது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

நம்ம சரக்கு மேல அமெரிக்கா போட்ட வரி பத்தி தொடர்ந்து செய்தி போடறீங்க, நல்லதுங்க. ஆனா அதுல பேசறதெல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்கதான், அவங்ககிட்ட துணி வாங்கி கூலிக்கு தைச்சுத் தர்ற, அதாவது ஜாப் ஒர்க் பண்ற எங்க பாடு வரவே மாட்டேங்குது. நான் திருப்பூர்ல 14 மிஷின் போட்டு பவர் டேபிள்னு சொல்ற சின்ன தையல் யூனிட் நடத்தறேன்.

2025 ஆகஸ்ட் 7ல 25 சதவீதம், 27ல இன்னொரு 25, ஆக மொத்தம் 50னு ஆச்சு. அப்ப எங்ககிட்ட குழந்தைங்க டீசர்ட் ஓடிட்டு இருந்துச்சு, பாதி பீஸ் ஓவர்லாக் தையல் முடிஞ்சு பண்டல் பண்டலா கெடக்குது, கம்பெனில இருந்து போன், பையர், அதாவது சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன், ஆர்டர ஹோல்டு போட்டுட்டான் நிறுத்துங்கன்னு. பத்து நாள் கழிச்சு ஓட்டச் சொன்னாங்க, ஆனா பையர் தள்ளுபடி கேக்கறானாம், பீஸுக்கு ஒன்றரை ரூபா குறைச்சுதான் தருவோம், ஏற்கனவே தைச்சதுக்கும் சேர்த்துன்னாங்க. சனிக்கிழமை சம்பளத்துல டெய்லர்கிட்ட போய் அந்த ஒன்றரை ரூபாய குறைக்க முடியுமாங்க? வீட்டுக்காரம்மா வளையல அடகு வெச்சுதான் கொடுத்தேன்.

பெரிய கம்பெனிக்கு அமெரிக்கா ஆர்டர் போனா ஐரோப்பா பையர் இருக்கான், டாலர் ரேட்ட பேங்க்ல முன்கூட்டியே புக் பண்ணிக்கறாங்க, பையர் காசு தராம ஓடிட்டாலும் மத்திய அரசோட ஈசிஜிசி ஏற்றுமதி இன்சூரன்ஸ் இருக்கு. நடுத்தர கம்பெனி ஒண்ணு ரெண்டு பையர நம்பி 90 நாள் கடனுக்கு அனுப்புது. 2023 கடைசில செங்கடல் பிரச்னை வந்து ஐரோப்பா போற கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவ சுத்திப் போனப்ப சரக்கு ரெண்டு வாரம் லேட்டு, பணமும் லேட்டு, அந்த லேட்டு அப்படியே எங்க பில்லுக்கும் வந்துச்சு. எங்க பேர்ல சரக்கு ஏத்தினதுக்கு ஷிப்பிங் பில் இல்ல, பணத்துக்கு பேங்க் உறுதி தர்ற எல்சி இல்ல, அதனால எந்த இன்சூரன்ஸும் எங்களுக்கு இல்ல. ஆனா நஷ்டம் மட்டும் தவறாம வருது.

சிறுதொழிலுக்கு 45 நாள்ல பணம் தரணும்னு 2006லயே சட்டம் இருக்குங்க, 2024 ஏப்ரல்ல இருந்து, அப்படி தராத பணத்த கம்பெனி அந்த வருஷ செலவா காட்ட முடியாதுன்னு வருமான வரியிலயும் பிடி போட்டாங்க. புகார் கொடுக்கலாம்தான், ஆனா கொடுத்த மறுநாளே பண்டல் அடுத்த யூனிட்டுக்கு போயிரும், பயந்துட்டு யாரும் வாயே திறக்கறதில்ல.

2025 நவம்பர்ல ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி வரைக்கும் கடன் உத்தரவாதம்னு மத்திய அரசு அறிவிச்சாங்க, வேண்டாம்னு சொல்லலீங்க, அவங்க நல்லா இருந்தாத்தான் எங்களுக்கும் வேலை. அந்த மாதிரி கடன் வாங்கற கம்பெனி ஜாப் ஒர்க் பில்ல முழுசா செட்டில் பண்ணின கணக்க பேங்க்ல காட்டணும்னு ஒரே ஒரு நிபந்தனை போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பவர் டேபிள் உரிமையாளர், திருப்பூர்