பட்டையின் நிறம் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளி மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சி பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் இதற்குக் கிடைப்பது 3 மாதங்கள்தான். அதற்குள் கராத்தேயின் 'கட்டா' (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து பழகும் அசைவுகள்) வரிசைகளை மனப்பாடம் செய்ய வைத்து, ஆண்டு விழாவில் ஓடு உடைத்துக் காட்டுவதால் யாருக்கு என்ன பயன்? பயிற்றுநரின் தகுதியைக் கருப்புப் பட்டை சொல்லிவிடாது. ஒரு வகுப்பை நேரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மணிக்கட்டைப் பிடித்தவரிடமிருந்து விடுபடுவதையே எடுத்துக்கொள்வோம். பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே பிடியின் பலவீனம். ஓரடி முன்வைத்து, முழங்கையை மடக்கி, அந்த இடைவெளி வழியாகக் கையைத் திருப்பி உருவ வேண்டும். நேராகப் பின்னால் இழுத்தால் வலுவுள்ளவரே வெல்வார். நான் கவனித்த வகுப்புகள் பலவற்றில், எதிரே நிற்கும் தோழி சிரித்தபடி பிடியைத் தளர்த்திவிடுகிறாள். விடுபட்ட மாணவியும் கற்றுக்கொண்டதாக நம்பிவிடுகிறாள். பிடிப்பவர் படிப்படியாக வலுவைக் கூட்டவும், விடுபட்டதும் உரக்கக் கூவி ஓடவும் பழக்காதவரை அது வெறும் உடற்பயிற்சியே. முதல் வாரத்திலேயே கத்தியைப் பறிக்கக் கற்றுத்தரும் பயிற்றுநரை (அப்படியும் சிலர் இருக்கிறார்கள்) தவிர்ப்பதே நல்லது. எனவே, நியமனத்துக்கு முன் ஒரு மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லி, உடற்கல்வி ஆசிரியையும் மாணவிகளின் பெற்றோர்களில் இருவரும் அதைப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஆணை வழங்கலாம். பயிற்சி நேரம் முழுவதும் பள்ளி ஆசிரியை ஒருவர் உடனிருப்பதையும் அந்த ஆணையிலேயே கட்டாயமாக்க வேண்டும்.

- உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு), திருச்சி